மாம்பழம் போட்ட பீரில் மாம்பழம் எங்கே போனது?

வீட்டில் பீர் காய்ச்ச ஆரம்பித்து நாலைந்து தடவை ஒழுங்காக வந்துவிட்டால் அடுத்த ஆசை தானாக வரும்: இதில் கொஞ்சம் பழம் போட்டால் என்ன? எனக்கும் வந்தது. நான் இருப்பது அமெரிக்காவில், மிச்சிகன் மாநிலத்தில். கோடையில் இந்தியக் கடைக்கு வந்திறங்கிய மாம்பழப் பெட்டிகளில் ஒன்றை வாங்கி, தோல் சீவி, கொட்டை நீக்கி, 2 கிலோ சதை எடுத்தேன். ஏற்கெனவே நொதித்துக்கொண்டிருந்த 19 லிட்டர் கோதுமை பீரில் அதைக் கொட்டினேன். இரண்டு நாள் வீடு முழுக்க மாம்பழ வாசனை. மூன்று வாரம் கழித்து முதல் பாட்டிலைத் திறந்து நண்பர் ஒருவருக்கு ஊற்றிக் கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு, "என்ன, எலுமிச்சம்பழம் பிழிஞ்சியா?" என்றார்.

அவரைக் குறை சொல்ல முடியாது. எனக்கும் அப்படித்தான் இருந்தது. லேசான புளிப்பு, லேசான மஞ்சள், அவ்வளவுதான். இருபது டாலர் மாம்பழம் போன இடம் தெரியவில்லை.

அது எங்கே போனது என்று புரிந்துகொண்டால் பழ பீரில் பாதி வேலை முடிந்த மாதிரி. அதற்கு முன் சட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அமெரிக்காவில் 1933இல் மதுவிலக்கு நீங்கியபோது வீட்டில் ஒயின் செய்ய வழிவிட்டார்கள், பீரைச் சேர்க்காமல் விட்டுவிட்டார்கள். 1978 அக்டோபரில் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டத்துக்குப் பிறகுதான் அதுவும் சரியானது: தனி ஆள் என்றால் ஆண்டுக்கு 100 கேலன், வயது வந்தவர்கள் இரண்டு பேரோ அதற்கு மேலோ இருக்கும் வீடென்றால் 200 கேலன், விற்கக் கூடாது. தமிழ்நாட்டில் நிலைமை வேறு. அங்கே 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டத்தின்படி வீட்டில் பீர் காய்ச்சுவது குற்றம். இதைப் படித்துவிட்டு ஊரில் யாரும் அடுப்பு மூட்ட வேண்டாம்.

சரி, மாம்பழத்துக்கு வருவோம்.

பதநீர் குடித்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். பானைக்குள் சுண்ணாம்பு தடவி இறக்கினால் பதநீர், தித்திக்கும். சுண்ணாம்பு தடவாமல் விட்டால் அதே சாறு கள். காற்றிலும் பானையிலும் இருக்கும் ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று சாராயமாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றிவிடுகிறது. இனிப்பு போய்ப் புளிப்பு ஏறுகிறது. மரம் ஒன்று, சாறு ஒன்று, ஆனால் ருசி வேறு.

ஃபெர்மென்டருக்குள், அதாவது பீர் நொதிக்கும் பாத்திரத்துக்குள், விழுந்த மாம்பழத்துக்கும் இதே கதிதான். பழத்தில் இருப்பது குளுக்கோஸ், ஃப்ரக்டோஸ், சுக்ரோஸ். மூன்றும் ஈஸ்டுக்குப் பால்சோறு. மால்ட்டிலிருந்து, அதாவது முளைகட்டி உலர்த்திய தானியத்திலிருந்து, வரும் சர்க்கரையிலாவது ஈஸ்ட் தொட முடியாத பகுதி கொஞ்சம் உண்டு. அதனால்தான் சாதாரண பீரில் ஒரு கனம், ஒரு மெல்லிய தித்திப்பு மிஞ்சுகிறது. பழச் சர்க்கரை அப்படியில்லை, துடைத்து வைத்த மாதிரி போய்விடும். மிஞ்சுவது புளிப்பு, மணம், தோலிலிருந்து இறங்கும் துவர்ப்பு, நிறம்.

ஆகவே கடையில் நின்று பழம் பொறுக்கும்போது கேட்க வேண்டிய கேள்வி "இது எவ்வளவு இனிப்பு?" என்பதல்ல. "இதிலிருந்து இனிப்பைக் கழித்துவிட்டால் என்ன மிஞ்சும்?" என்பதுதான்.

இந்தக் கேள்வியை ராஸ்பெரியிடம் கேட்டுப் பாருங்கள். நூறு கிராம் ராஸ்பெரியில் சர்க்கரை நாலைந்து கிராம்தான். மீதமெல்லாம் புளிப்பும் மணமும் நிறமும். ஈஸ்ட் அதிலிருந்து திருடுவதற்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. 19 லிட்டருக்கு ஒன்றரை கிலோ போட்டாலே கண்ணை மூடிக்கொண்டு குடிப்பவரும் ராஸ்பெரி என்று சொல்லிவிடுவார். புளிப்புச் செர்ரியும் இந்த ரகம்தான். இரண்டரை கிலோ வரை போடலாம். பேஷன் ஃப்ரூட் இவர்கள் எல்லோரையும் விடப் பெரிய ரவுடி, ஒரு கிலோ கூழே அதிகம். மறுபக்கம் தர்பூசணி. இனிப்பையும் தண்ணீரையும் எடுத்துவிட்டால் அதில் என்ன இருக்கிறது? வெள்ளரிக்காய் மாதிரி ஒரு பச்சை வாசனை. ஸ்ட்ராபெரி பாவம், போட்ட வாரம் அழகாக இருக்கும், ஒரு மாதத்தில் மணமும் நிறமும் வெளிறிவிடும். மாம்பழம் நடுவில் நிற்கிறது: நூறு கிராமுக்குப் பதிமூன்று பதினான்கு கிராம் சர்க்கரை, நல்ல மணம், ஆனால் பழுத்த பழத்தில் புளிப்பு குறைவு. அதன் மணத்தை நாம் எப்போதும் இனிப்போடு சேர்த்தே அனுபவித்துப் பழகியவர்கள். இனிப்பு போனதும் மணம் மட்டும் தனியாக வந்து நின்றால் நாக்கு அதை அடையாளம் காண்பதில்லை. என் நண்பருக்கு எலுமிச்சை தோன்றியது அதனால்தான்.

பழம் போட்டால் போதை ஏறுமா என்று ஒரு கேள்வி தவறாமல் வரும். பெரிதாக ஏறாது. ஐந்து சதவீத பீர் ஆகப்போகும் மால்ட் சாற்றில், அதாவது வோர்ட்டில், சர்க்கரை ஏறத்தாழ பன்னிரண்டு சதவீதம். மாம்பழத்திலும் கிட்டத்தட்ட அதே அளவுதான். ஒரே கெட்டியான இரண்டு சாற்றைக் கலந்தால் கெட்டி எப்படிக் கூடும்? ராஸ்பெரி போட்டால் ஒரு துளி குறையக்கூடச் செய்யும்.

பழத்தை எப்போது போடுவது

மூன்று சமயம் உண்டு: வோர்ட் கொதிக்கும்போது, முதல் நொதிப்பு பொங்கிக்கொண்டிருக்கும்போது, அது அடங்கிய பிறகு. கொதிக்கும்போது போட வேண்டாம். ஜாம் செய்வது எப்படியென்று நினைத்துப் பாருங்கள்; பழத்தைக் கொதிக்க வைத்தால் அதிலுள்ள பெக்டின் இறுகும், பீர் கலங்கும், வாசனை ஆவியோடு போகும், மிஞ்சுவது வெந்த ஜாம் வாடை. (ஆரஞ்சுத் தோல் மட்டும் விதிவிலக்கு. பெல்ஜியத்தில் ஹூகார்டன் ஊரின் வெள்ளை பீரில் ஆரஞ்சுத் தோலும் நம்ம கொத்தமல்லி விதையும் கொதியிலேயே சேரும். மறைந்துபோயிருந்த அந்த வகையை 1960களில் மீட்டவர் பியேர் செலிஸ் என்ற முன்னாள் பால்காரர்.)

பொங்கும்போது போட்டால் என் கதிதான். ஈஸ்ட் வெறிகொண்டு வேலை செய்யும் அந்த மூன்று நாலு நாளில் கரியமில வாயு குமிழ் குமிழாக மேலே போகிறது. போகும்போது மணத்தையும் வாரிக்கொண்டு போகிறது. வீடு முழுக்க மாம்பழம் மணந்தது என்றேனே, பாட்டிலுக்குள் இருந்திருக்க வேண்டிய மணம் அது. வீடு மணந்தால் பீர் மணக்காது என்பது அன்றைக்கு நான் கற்றுக்கொண்ட கணக்கு.

அதனால் முதல் நொதிப்பு அடங்கட்டும். ஒரு வாரமோ பத்து நாளோ ஆகும். அப்புறம் பழத்தைச் சேருங்கள். ஈஸ்ட் மறுபடி எழுந்து பழச் சர்க்கரையைத் தின்னும், ஆனால் நிதானமாக. ஒன்றிலிருந்து இரண்டு வாரம் பழம் உள்ளே ஊறினால் போதும். ராஸ்பெரியில் இது கண்ணுக்கே தெரியும்: போட்டபோது ரத்தச் சிவப்பாக இருந்த பழங்கள் பத்து நாளில் பழைய பல்செட் மாதிரி வெளுத்து மிதக்கும், பீர் சிவந்திருக்கும். அதற்கு மேல் விட்டால் விதையின் துவர்ப்புதான் இறங்கும்.

இந்தக் கட்டத்தில் போடுவதில் இன்னொரு லாபமும் உண்டு. பழத்தோலில் காட்டு ஈஸ்டும் பாக்டீரியாவும் எப்போதும் இருக்கும். ஏற்கெனவே பீராகிவிட்ட திரவத்தில் சாராயம், ஹாப்ஸ் (பீருக்குக் கசப்பு தரும் பூ), புளிப்பு மூன்றும் காவலுக்கு நிற்பதால் அவை பெருகுவது கடினம். கடினம்தான், முடியாது என்றில்லை. பயம் உள்ளவர்கள் பழத்தை மசித்து 70 டிகிரி செல்சியஸில் ஒரு கால் மணி நேரம் வைத்து ஆறவிட்டுச் சேர்க்கலாம், கொதிக்கவிடக் கூடாது. ஃப்ரீசரில் வைத்தால் கிருமி செத்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். சாகாது, தூங்கும். ஆனாலும் உறைய வைப்பது நல்லதுதான், வேறு காரணத்துக்காக: பழத்தின் செல்களுக்குள் இருக்கும் தண்ணீர் பனியாக விரிந்து செல்சுவரைக் கிழிக்கிறது. உருகியதும் சாறு தானாக வழியும்.

என்னைக் கேட்டால் ஆரம்பிப்பவர்களுக்கு டப்பாவில் வரும் கூழே உத்தமம். இந்தியக் கடையில் அல்போன்சா, கேசர் என்று 850 கிராம் டப்பாக்கள் கிடைக்கின்றன. சூடுபடுத்தி அடைத்தவை, கிருமித் தொல்லை இல்லை, தோல் சீவும் வேலை இல்லை. இங்கே பீர் காய்ச்சும் அமெரிக்கர்களே இந்த டப்பாவைத் தேடி நம் கடைக்கு வருகிறார்கள். வாங்கும்போது லேபிளைப் படியுங்கள். பொட்டாசியம் சார்பேட், சோடியம் பென்சோவேட் என்று ஏதாவது இருந்தால் திரும்ப வைத்துவிடுங்கள். பழம் கெடாமல் இருக்க ஈஸ்டை முடக்குவதுதான் அவற்றின் வேலை. உங்கள் ஈஸ்டையும் முடக்கும்.

ஃபெர்மென்டரில் மேலே நாலு விரல்கடை அல்ல, ஒரு சாண் இடம் விடுங்கள். பழம் மிதக்கும், நுரையோடு சேர்ந்து மேலேறும், வாயுவை வெளியே மட்டும் விடும் ஏர்லாக்கின் சிறிய துளையை அடைக்கும். அடைத்தால் உள்ளே அழுத்தம் ஏறி மூடி பறக்கும். ஒரு முறை பறந்தது. ப்ளூபெரி. வாடகை வீட்டுக் கூரையில் ஊதா வட்டம் விழுந்து, காலி செய்யும்போது பெயின்ட் அடித்துக் கொடுக்க வேண்டியதாயிற்று. நைலான் வலைப்பையில் கட்டிப் போட்டால் இந்த வம்பு பெரும்பாலும் இல்லை.

அன்னாசியும் பப்பாளியும்

இந்த இரண்டையும் தனியாகச் சொல்ல வேண்டும். ஆட்டுக்கறி வேகாவிட்டால் பப்பாளிக்காய்த் துண்டு போடுவார்களே, அதே சமாச்சாரம். பப்பாளியில் பப்பெயின், அன்னாசியில் புரோமெலைன் என்று புரதத்தை வெட்டும் நொதிகள் இருக்கின்றன. பீரின் நுரை நிற்பது மால்ட்டிலிருந்து வரும் புரதத்தால். பச்சையாக இந்தப் பழங்களைப் போட்டால் நுரை ஊற்றிய வேகத்தில் படுத்துவிடும், சோடா மாதிரி. சூடுபடுத்திய கூழோ டப்பா அன்னாசியோ என்றால் நொதி செத்திருக்கும், பிரச்சினை இல்லை.

வேடிக்கை என்னவென்றால் பீர் ஆலைகள் இதே பப்பெயினை வேண்டுமென்றே பயன்படுத்தின. பீரைக் குளிர வைத்தால் புரதமும் துவர்ப்புப் பொருளும் கைகோத்துக் கலங்கல் உண்டாகும். அந்தப் புரதத்தை வெட்டிவிட்டால் கண்ணாடி போல் தெளியும் என்று லியோ வாலர்ஸ்டைன் 1911இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார். அந்தக் காலத்தில் பப்பாளிக்காயைக் கீறிப் பால் வடித்துக் காயவைத்து ஏற்றுமதி செய்த இடங்களில் இலங்கையும் ஒன்று.

சோதனை என்றால் எப்படி

முதல் தடவையே 19 லிட்டரையும் ஒரே பழத்தில் பணயம் வைக்காதீர்கள். கோதுமை பீரோ, ப்ளாண்ட் ஏல் என்ற கசப்புக் குறைந்த வெளிர்நிற பீரோ காய்ச்சுங்கள். ஹாப்ஸ் தூக்கலான பீர் வேண்டாம். பழத்தின் புளிப்பும் ஹாப்ஸின் கசப்பும் சேர்ந்தால் மாத்திரையைச் சப்பிய மாதிரி இருக்கும். நொதிப்பு அடங்கியதும் ஒரு கேலன் கண்ணாடி ஜாடிகள் நாலில் பிரித்து ஊற்றுங்கள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 3.8 லிட்டர். ஒன்றில் ராஸ்பெரி 300 கிராம். இரண்டாவதில் மாங்கூழ் 600 கிராம். மூன்றாவதில் உங்கள் விருப்பம். நாலாவதில் எதுவும் போடாதீர்கள். எல்லோரும் கஞ்சத்தனத்தால் விட்டுவிடுவது இந்த நாலாவது ஜாடியைத்தான். அது இல்லாவிட்டால் எந்தச் சுவை பழத்திலிருந்து வந்தது, எது ஈஸ்ட் கொடுத்தது என்று கண்டுபிடிக்கவே முடியாது. ஜெர்மானியக் கோதுமை பீருக்கான ஈஸ்ட் தானாகவே வாழைப்பழ வாசனையை உண்டாக்கும். ஐசோஅமைல் அசிடேட் என்று பெயர். வாழைப்பழமே படாத பீரில் வாழைப்பழம் மணக்கும். அதை ஜாடியில் போட்ட பழத்தின் கணக்கில் எழுதிவிடுவீர்கள்.

எசென்ஸ் போடலாமா? போடலாம், அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை. ஆனால் செர்ரி எசென்ஸை மட்டும் தொடாதீர்கள். அதில் பெரும்பங்கு பென்சால்டிஹைட் என்ற ஒரே வாசனைப் பொருள். இருமல் மருந்துக்கும் அதுதான் போடுகிறார்கள். பீரை வாயில் வைத்ததும் காய்ச்சலில் படுத்திருந்த நாள் ஞாபகம் வரும். மற்றவற்றுக்கு ஒரு வழி உண்டு. பாட்டிலில் அடைக்கும் அன்று நாலு டம்ளரில் 100 மில்லி பீர் ஊற்றிக்கொள்ளுங்கள். குழந்தைக்கு மருந்து கொடுக்கும் 1 மில்லி சிரிஞ்சால் 0.1, 0.2, 0.3, 0.4 மில்லி என்று விடுங்கள். கலக்கி, வரிசையாகக் குடித்துப் பாருங்கள். 0.2 பிடித்திருக்கிறதா? 19 லிட்டர் என்பது 190 நூறு மில்லி. 38 மில்லி தேவை. நான் 30 விட்டு நிறுத்திவிடுவேன். எசென்ஸைக் கூட்டலாம், திரும்ப எடுக்க முடியாது. எலுமிச்சைத் தோல், ஆரஞ்சுத் தோல் போன்றவற்றை ஓட்காவில் நாலு நாள் ஊறவைத்து அந்த ஓட்காவையும் இதே சிரிஞ்சுக் கணக்கில் சேர்க்கலாம். தோலின் வெள்ளைப் பகுதி வராமல் சீவ வேண்டும், கசக்கும்.

பாட்டில் வெடிப்பது

இந்தப் பகுதியைத் தாண்டிவிடாதீர்கள். வீட்டு பீரில் நுரைப்பு வருவதற்காகப் பாட்டிலில் அடைக்கும்போது கொஞ்சம் சர்க்கரை சேர்ப்போம்; 19 லிட்டருக்குச் சுமார் 120 கிராம். மூடிய பாட்டிலுக்குள் ஈஸ்ட் அதைத் தின்று வாயுவை வெளியிடும், போக வழியில்லாமல் அது பீரிலேயே கரையும். இப்போது 2 கிலோ மாம்பழத்தில் எவ்வளவு சர்க்கரை என்று பாருங்கள்: ஏறத்தாழ 270 கிராம். இரண்டு மடங்குக்கும் மேல். அது தின்று முடியும் முன்பே அவசரப்பட்டு அடைத்தால், மேலும் 120 கிராமையும் சேர்த்தால், கண்ணாடி தாங்காது. பாட்டில் நள்ளிரவில் அலமாரிக்குள் வெடித்தால், அந்த நேரம் அதைக் கையில் பிடித்திராதவர் அதிர்ஷ்டசாலி.

காப்பது எளிது. திரவத்தின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டரில் பாருங்கள்; சர்க்கரை குறையக் குறைய எண் இறங்கும். மூன்று நாள் கழித்து மறுபடி பாருங்கள். எண் அசையாமல் இருந்தால் அடையுங்கள். இறங்கியிருந்தால் இன்னொரு வாரம். ஏர்லாக்கில் குமிழ் நின்றுவிட்டது என்பதை மட்டும் நம்பாதீர்கள். "கொஞ்சம் இனிப்பு இருக்கட்டுமே" என்று அடைக்கும்போது பழச்சாறோ வெல்லமோ சேர்ப்பதும் இதே ஆபத்துதான். கடைகளில் தித்திக்கும் பழ பீர் விற்கிறார்களே என்றால், அவர்கள் ஈஸ்டை வடிகட்டியோ சூடுபடுத்தியோ கொன்றுவிட்டுத்தான் இனிப்பு சேர்க்கிறார்கள். வீட்டில் அதற்குச் சுலபமான மாற்று லாக்டோஸ். பாலில் உள்ள இந்தச் சர்க்கரையை பீர் ஈஸ்டால் தின்ன முடியாது. பால் ஒத்துக்கொள்ளாத விருந்தாளி வந்தால் மறக்காமல் சொல்லிவிடுங்கள்.

என் மாம்பழத்தை எப்படி மீட்டேன் என்று சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. லாக்டோஸ் போட்டும் பார்த்தேன். மில்க் ஷேக் போல வந்தது, ஒரு டம்ளருக்கு மேல் இறங்கவில்லை. பிறகுதான் பள்ளிக்கூட வாசலில் மாங்காய்க்கு உப்பும் மிளகாய்த்தூளும் தூவிக் கொடுத்த ஆயாவின் ஞாபகம் வந்தது. ஜெர்மனியில் கோசே என்றொரு பழைய வகை உண்டு, கோஸ்லர் ஊரில் பிறந்து லைப்சிக்கில் வளர்ந்தது: புளிப்பான கோதுமை பீர், அதில் கொத்தமல்லி விதை, உப்பு. அதைக் காய்ச்சி, நொதிப்பு அடங்கியதும் மூன்று டப்பா மாங்கூழ், லிட்டருக்கு அரை கிராம் உப்பு. உப்பு கரிக்கவில்லை. புளிப்பு ஏற்கெனவே இருந்ததால் மணத்துக்குப் பிடிமானம் கிடைத்தது. அதே நண்பருக்கு ஒன்றும் சொல்லாமல் ஊற்றிக் கொடுத்தேன். "கிளிமூக்கு மாங்காய்டா இது" என்றார்.

செர்ரிக்கு இந்தப் பாடெல்லாம் தேவையில்லை. பிரஸ்ஸல்ஸைச் சுற்றியுள்ள ஊர்களில் காற்றிலிருக்கும் ஈஸ்டாலேயே புளிக்கவிடும் லாம்பிக் பீரில் புளிப்புச் செர்ரியைக் கொட்டையோடு போட்டு மாதக்கணக்கில் பீப்பாயில் ஊறவைத்து க்ரீக் செய்கிறார்கள். மிச்சிகனின் வடபகுதியில் டிராவர்ஸ் சிட்டி பக்கம் ஜூலையில் மான்ட்மொரன்சி என்ற புளிப்புச் செர்ரி பறிப்பு நடக்கும். போன வருஷம் இரண்டரை கிலோ வாங்கி வந்து, உறைய வைத்து, கொட்டையோடு ஸ்டவுட்டில் போட்டேன். கறுப்பு பீரின் காப்பிக் கசப்புக்கு அந்தப் புளிப்பு அப்படிப் பொருந்தியது. இருபது பாட்டில் உடனே தீர்ந்தது. நாலு பாட்டிலை மட்டும் ஒளித்து வைத்திருந்தேன். எட்டாம் மாதம் ஒன்றைத் திறந்தபோது செர்ரி கொஞ்சம் பின்வாங்கியிருந்தது, அதன் பின்னாலிருந்து கொட்டையின் பாதாம் வாசனை மெல்ல எட்டிப் பார்த்தது. மீதி மூன்றும் அலமாரியில், கதவு சாத்தியபடி இருக்கின்றன.